காசு வாங்காமல் ஆடும் கல்லூரிப் பிள்ளைகள்: கோல்ஃப் மேஜர் போட்டிகளில் அமெச்சூர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பது வருஷம் வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பியவன் நான். வடசேரியில் சாயா குடிக்கப் போனாலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, யாராவது ஒருவர் அந்த விளையாட்டைப் பற்றிக் கேட்டுவிடுவார். முன்பெல்லாம் "குச்சியை வச்சுப் பந்தைத் தட்டுறதுக்கு இவ்வளவு பெரிய இடமா?" என்பார்கள். இப்போது வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் ஊருக்கு நாலு பேர் இருப்பதால் கேள்வி மாறிவிட்டது. "காலேஜ் பையன் எப்படி உலகச் சாம்பியன்களோடு ஆடுறான்? ஜெயிச்சாலும் பைசா கிடையாதாமே?" என்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

அமெச்சூர் என்றால் கத்துக்குட்டி என்றுதானே அர்த்தம்?

இல்லை. நம் ஊர்க் கபடிப் போட்டி போஸ்டர்களில் 'அமெச்சூர் கபடிக் கழகம்' என்று பார்த்திருப்பீர்கள். அதே சொல்தான். அந்தக் களத்தில் இறங்குகிறவனைக் கத்துக்குட்டி என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆட்டத்தைப் பிழைப்பாக வைத்துக்கொள்ளாதவர் என்பதுதான் அதன் பொருள். மற்ற பல விளையாட்டுகளில் இந்தச் சொல் பெயர்ப்பலகையில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. கோல்ஃபில் இன்றைக்கும் அது சட்டம். ஒருவர் அமெச்சூரா தொழில்முறை ஆட்டக்காரரா என்பதைப் பொறுத்து அழைப்பு மாறும், பரிசு மாறும், சில சமயம் வாழ்க்கையே மாறும்.

திறமையைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஒரு கணக்கு சொல்கிறேன். மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொன்றுக்கும் இத்தனை அடியில் போட வேண்டும் என்று ஒரு அளவு உண்டு, அதற்குப் பெயர் பார். மொத்தம் பெரும்பாலும் 70 முதல் 72 வரை வரும். நாலு நாள் ஆட்டம். குறைந்த அடியில் முடித்தவர் ஜெயித்தவர். அமெரிக்கக் கல்லூரி அணிகளின் முன்னணிப் பிள்ளைகள் இந்தப் பாருக்குக் கீழே அடிப்பதை வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள்.

மேஜர் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஆண்களுக்கு நாலு. ஏப்ரலில் மாஸ்டர்ஸ், மே மாதம் பிஜிஏ சாம்பியன்ஷிப், ஜூனில் யு.எஸ். ஓப்பன், ஜூலையில் பிரிட்டனில் நடக்கும் தி ஓப்பன். முதல் மூன்றும் அமெரிக்காவில். பெண்களுக்கு ஐந்து மேஜர்கள். மற்ற போட்டிகளில் பரிசு எவ்வளவு கொட்டினாலும் அவை மேஜர் ஆகாது.

கல்லூரி மாணவன் அதற்குள் எப்படி நுழைகிறான்? சிபாரிசா?

சிபாரிசுக்கு அங்கே வேலை மிகக் குறைவு. எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் பிடிப்பு வந்ததற்கே அதுதான் காரணம். போட்டிக்குப் போட்டி வழி வேறு, அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

யு.எஸ். ஓப்பன் பெயருக்கேற்ற மாதிரி திறந்த போட்டி. ஹாண்டிகேப் 0.4-க்கு மேல் போகாத எந்த அமெச்சூரும் விண்ணப்பிக்கலாம். ஹாண்டிகேப் என்பது ஒருவர் பாரைவிட எத்தனை அடி கூடுதலாக ஆடக்கூடியவர் என்று காட்டும் எண். 0.4 என்றால் கிட்டத்தட்ட பாரிலேயே ஆடுகிறவர். சமீப வருஷங்களில் 10,000 பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். இடமோ 156தான். முதல் கட்டத் தகுதிச் சுற்றில் 18 குழி. அதில் தேறினால் இறுதிக் கட்டத்தில் ஒரே நாளில் 36 குழி. விடிந்ததும் தொடங்கினால் முடிக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். தோளில் பையைச் சுமந்துகொண்டு போகிற பையனும், போன வருஷம் தொலைக்காட்சியில் ஆடிய தொழில்முறை ஆட்டக்காரரும் அன்றைக்கு ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

மாஸ்டர்ஸ் அழைப்பின் பேரில் நடப்பது. ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா நேஷனல் என்ற கிளப்பில். யு.எஸ். அமெச்சூர் போட்டியில் முதல் இரண்டு இடம் பெற்றவர்கள், பிரிட்டனின் அமெச்சூர் சாம்பியன், ஆசிய பசிபிக் அமெச்சூர் சாம்பியன், லத்தீன் அமெரிக்க அமெச்சூர் சாம்பியன் ஆகியோருக்கு அழைப்பு போகும். 2024 முதல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையேயான முதல் பிரிவுத் தனிநபர் சாம்பியனுக்கும் இடம் தருகிறார்கள். அழைப்பு பெற்ற அமெச்சூர்கள் விரும்பினால் கிளப் கட்டடத்தின் உச்சியில் உள்ள மாடி அறையில் தங்கிக்கொள்ளலாம். அதைக் 'காக்கைக் கூடு' என்று அழைக்கிறார்கள். ஐந்து பேர் படுக்கலாம். நாளைக்கு உலகமே பார்க்கப் போகிற ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி, ஹாஸ்டல் பிள்ளைகள் மாதிரி அங்கே அடுத்தடுத்துப் படுத்துக் கிடப்பார்கள்.

தி ஓப்பனுக்கும் அமெச்சூர் சாம்பியன்களுக்கு நேரடி இடமும் தகுதிச் சுற்றும் உண்டு. பிஜிஏ சாம்பியன்ஷிப் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கானது. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஜெயித்தால் பணம் கிடையாது என்பது நிஜமா?

நிஜம். 2024 ஜனவரியில் நடந்ததைக் கேளுங்கள். அலபாமா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நிக் டன்லப், 20 வயது. கலிஃபோர்னியாவில் நடந்த தி அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் போட்டியில் மூன்றாம் நாள் 60 அடித்தார். கடைசி நாள் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் கோப்பையை எடுத்தார். பிஜிஏ டூர் என்ற அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரில் ஒரு அமெச்சூர் ஜெயித்தது 1991-இல் ஃபில் மிக்கல்சனுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. முதல் பரிசு 15,12,000 டாலர். நம் பணத்தில் அன்றைக்குச் சுமார் ₹12.5 கோடி. அத்தனையும் இரண்டாவதாக வந்த தென்னாப்பிரிக்கர் கிறிஸ்டியான் பெசைடன்ஹவுட்டுக்குப் போனது. டன்லப்புக்குக் கோப்பையும், டூரில் ஆடும் உரிமையும். சில நாளிலேயே அவர் தொழில்முறைக்கு மாறிவிட்டார்.

இது மேஜர் போட்டி இல்லை, ஆனால் பண விதி எல்லா இடத்திலும் இதேதான். அமெச்சூர் எந்த இடத்தில் முடித்தாலும் அந்த இடத்துக்கான பணம் அடுத்து வந்த தொழில்முறை ஆட்டக்காரருக்கு இறங்கும்.

அப்படியானால் செலவை யார் பார்ப்பது? வீட்டில் பணம் இருந்தால்தானே முடியும்?

இதில் பழைய கதை வேறு, இப்போதைய நிலை வேறு. 2022 ஜனவரி 1 முதல் அமெச்சூர் விதிகளைத் தளர்த்திவிட்டார்கள். ஒரு போட்டியில் 1,000 டாலர் வரை பரிசு வாங்கலாம். விளம்பரம், ஸ்பான்சர் எதற்கும் தடை இல்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டிலும் 2021 ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். ஆக, மேஜர் பரிசுப் பணம் கூடாது, ஆனால் ஷூ கம்பெனி தரும் பணம் கூடும்.

நம் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு வேலை செய்து சம்பாதிப்பதில் கட்டுப்பாடுகள் உண்டு. கூடப் படிக்கும் அமெரிக்கப் பையன் விளம்பரத்தில் வருகிறான் என்று இவனும் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. முதலில் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

பணத்தை விட்டுவிட்டு ஏன் அமெச்சூராகவே இருக்கிறார்கள்?

படிப்பு ஒரு காரணம், அழைப்பு இன்னொரு காரணம். ஆசிய பசிபிக் போட்டியில் ஜெயித்துக் கிடைக்கும் மாஸ்டர்ஸ் அழைப்பு, அமெச்சூராக நீடிக்கும் வரைதான் செல்லும். சீனாவின் டிங் வென்யி 2024-இல் அதை ஜெயித்தார், உடனே தொழில்முறைக்குப் போனார், மாஸ்டர்ஸ் இடமும் தி ஓப்பன் இடமும் கைவிட்டுப் போயின. அவர் செய்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். வீட்டு நிலைமை அவரவருக்குத்தானே தெரியும். ஆனால் என்னிடம் ஒரு பையன் யோசனை கேட்டால், அந்த ஒரு வாரத்தை ஆடிவிட்டு அப்புறம் மாறு என்றுதான் சொல்வேன். சம்பாதிக்க அதற்குப் பிறகு முப்பது வருஷம் கிடக்கிறது.

அமெச்சூர்கள் மேஜரை ஜெயித்திருக்கிறார்களா?

ஒரு காலத்தில் ஜெயித்தார்கள். 1913-இல் ஃபிரான்சிஸ் விமெட் என்ற 20 வயதுப் பையன், பத்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பை தூக்க வைத்துக்கொண்டு, பிரிட்டனின் இரண்டு ஜாம்பவான்களைத் தோற்கடித்து யு.எஸ். ஓப்பனை எடுத்தார். பாபி ஜோன்ஸ் கடைசி வரை அமெச்சூர். 1930-இல் அமெரிக்கா, பிரிட்டன் இரண்டின் ஓப்பன், அமெச்சூர் பட்டங்கள் நாலையும் ஒரே வருஷத்தில் வாங்கினார். அகஸ்டா கிளப்பை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். மாஸ்டர்ஸ் இன்றைக்கும் அமெச்சூர்களுக்கு இவ்வளவு மரியாதை கொடுப்பது அவரால்தான். ஆண்கள் மேஜரை ஜெயித்த கடைசி அமெச்சூர் 1933-இல் ஜானி குட்மன். பெண்களில் 1967 யு.எஸ். ஓப்பனை பிரான்சின் கத்தரீன் லாகோஸ்த் ஜெயித்தார்.

நம் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. 1965-இல் இந்தியன் ஓப்பனை ஜெயித்த பி.ஜி. சேத்தி ஒரு அமெச்சூர். மேஜர் இல்லைதான், ஆனாலும் வெளிநாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் வந்து ஆடிய போட்டி. இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

கிட்டத்தில் வந்தவர்கள் பலர். 1960 யு.எஸ். ஓப்பனில் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஜாக் நிக்லஸ் நாலு நாளும் சேர்த்து 282 அடித்து, ஆர்னால்ட் பாமருக்கு இரண்டு அடி பின்னால் இரண்டாம் இடம் பிடித்தார். அந்தப் போட்டியில் ஒரு அமெச்சூரின் மிகக் குறைந்த ஸ்கோராக அது 59 வருஷம் நின்றது. 2019-இல் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் விக்டர் ஹோவ்லண்ட் 280 அடித்து அதை முறித்தார். அவருக்குக் கிடைத்தது 12-ஆம் இடம்!

'கட்' என்கிறார்களே, அது என்ன?

முதல் இரண்டு நாள் முடிந்ததும் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவது. மாஸ்டர்ஸில் முதல் 50 இடம், யு.எஸ். ஓப்பனில் 60, தி ஓப்பனில் 70, கடைசி இடத்தில் சமமாக இருப்பவர்களும் சேர்த்து. அமெச்சூருக்கு இதைத் தாண்டுவதே பெரிய விஷயம். தாண்டியவர்களில் முதலாவதாக முடிப்பவருக்கு மாஸ்டர்ஸில் வெள்ளிக் கோப்பை, தி ஓப்பனில் வெள்ளிப் பதக்கம்.

2023 மாஸ்டர்ஸில் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் மாணவர் சாம் பென்னட் முதல் இரண்டு நாளும் 68, 68 அடித்தார். இறுதியில் 16-ஆம் இடம், வெள்ளிக் கோப்பை. அவர் முன்கையில் ஒரு பச்சை குத்தல் இருக்கிறது. மறதி நோய் முற்றிய காலத்தில் அவர் அப்பா நடுங்கும் கையால் எழுதிக் கொடுத்த ஒரு வரி, எழுத்தின் கோணல்கூட மாறாமல் அப்படியே. எதையும் செய்யக் காத்திருக்காதே என்று பொருள் வரும். அகஸ்டாவில் ஆடும்போது அப்பா உயிரோடு இல்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரே ஒரு ஆட்டக்காரர் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

யோசிக்கவே மாட்டேன். ஹிடெகி மட்சுயாமா.

ஜப்பானில் செண்டாய் நகரில் தோஹோகு ஃபுகுஷி பல்கலைக்கழக மாணவர். 2010-இல் ஆசிய பசிபிக் அமெச்சூர் போட்டியை ஜெயித்து அடுத்த வருஷ மாஸ்டர்ஸுக்கு அழைப்பு வாங்கினார். 2011 மார்ச் 11 அன்று அந்தப் பகுதியில்தான் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. அவர் அப்போது பயிற்சிக்காக ஆஸ்திரேலியாவில் இருந்தார். திரும்பி வந்து பார்த்தபோது ஊர் ஊராக இல்லை. மாஸ்டர்ஸுக்கு நாலு வாரம்கூட இல்லை. ஊர் இப்படிக் கிடக்கும்போது பந்தைத் தட்டப் போகலாமா என்று தயங்கினார். அங்கே இருந்தவர்களே, போய் ஆடு என்று எழுதி அனுப்பினார்கள்.

இதைக் குளச்சலில் இருந்தோ மணக்குடியில் இருந்தோ வாசிக்கிறவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் மணக்குடிப் பாலத்தையே கடல் தூக்கி எறிந்தது. அதற்குப் பிறகு எத்தனை நாள் நம் கடற்கரையில் பிள்ளைகள் பந்தைத் தொடவில்லை! முதலில் தொட்ட பிள்ளையைத் திட்டவும் மனசு வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை என்று ஒரு பாட்டா என்னிடம் சொல்லியிருக்கிறார். மட்சுயாமா எந்த மனசோடு விமானம் ஏறியிருப்பார் என்று எனக்குத் தெரிந்தது அந்தப் பேச்சில் இருந்துதான்.

19 வயது. மூன்றாம் நாள் 68 அடித்தார். 27-ஆம் இடத்தில் முடித்து, அமெச்சூர்களில் முதலாவதாக வெள்ளிக் கோப்பையை வாங்கினார். ஆசியாவில் இருந்து அதை வாங்கிய முதல் ஆள். பட்லர் கேபின் என்ற சின்ன வீட்டில், ஜெயித்தவருக்குப் பச்சைக் கோட்டு அணிவிக்கும்போது சிறந்த அமெச்சூரையும் பக்கத்தில் உட்கார வைப்பது வழக்கம். அன்றைக்குத் தென்னாப்பிரிக்காவின் சார்ல் ஷ்வார்ட்ஸலுக்குக் கோட்டு, பக்கத்தில் இந்த மாணவர். சரியாகப் பத்து வருஷம் கழித்து, 2021-இல், அதே அறையில் அந்தக் கோட்டு அவர் தோளுக்கே வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்த பிறகு அவருடைய கேடி, பையைத் தூக்கி வந்த ஷோட்டா ஹயாஃபுஜி, 18-ஆம் குழிக் கொடியைத் திருப்பி நட்டார். அப்புறம் தொப்பியைக் கழற்றி, காலி மைதானத்தைப் பார்த்துத் தலைகுனிந்து வணங்கினார். நம் கபடிப் பையன்கள் களத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது மாதிரி. புல் வெட்டிப் பிழைத்தவன் என்பதால் எனக்கு அது கூடுதலாகத் தைத்தது. விடியற்காலை நாலரை மணிக்குப் பனியைத் துடைத்து, புல்லை மூன்று மில்லிமீட்டருக்கு வெட்டி, பழைய குழியை மூடிப் புதுக் குழி தோண்டுவோம். குழியின் வாய் 108 மில்லிமீட்டர், ஒரு நல்ல சிரட்டை அளவு. ஓரத்தில் ஒரு புல் நீட்டிக்கொண்டு இருந்தாலும் குனிந்து கத்தரியால் வெட்டுவோம். அந்த மண்ணுக்கு ஒருவர் வணக்கம் வைத்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பெரிய போட்டியில் மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள்?

பெரும்பாலும் காற்றிலும் பொறுமையிலும். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் குடை பிடித்துப் பார்த்தவருக்குப் பாதி பாடம் முடிந்தது. அங்கே கணவாய்க் காற்று ஒரே திசையில் தள்ளும், காற்றாலைகளும் அதை நம்பித்தான் நிற்கின்றன. தி ஓப்பன் நடப்பதும் அதே ஆனி ஆடி மாதத்தில், மரமில்லாத கடலோர மணல்மேடுகளில். பந்தை உயர அடித்துப் பழகிய மாணவர் அங்கே தரையை ஒட்டி அடிக்கக் கற்க வேண்டும். அகஸ்டாவின் 12-ஆம் குழி வேறு வகை. 155 கஜம்தான், முன்னால் ஓடை. காற்று மரங்களுக்கு நடுவே சுழன்று சுழன்று வரும். கொடி ஒரு பக்கம் ஆடும், மர உச்சி இன்னொரு பக்கம் ஆடும்.

பொறுமைக்கு உதாரணம் 2023 தி ஓப்பன். ஜார்ஜியா டெக் மாணவர், தென்னாப்பிரிக்காவின் கிறிஸ்டோ லாம்ப்ரெக்ட் முதல் நாள் 66 அடித்து முன்னிலையைப் பகிர்ந்துகொண்டார். இரண்டாம் நாள் 79. ஆனாலும் 'கட்' தாண்டிய ஒரே அமெச்சூர் அவர்தான், வெள்ளிப் பதக்கமும் அவருக்குத்தான். 79 அடித்த ராத்திரி தூங்கி எழுந்து மறுநாள் வந்து ஆடுவது இருக்கிறதே, அதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கும் இந்த வழி உண்டா?

உண்டு, இப்போது நன்றாகவே திறந்திருக்கிறது. அகஸ்டாவில் 2019 முதல் பெண்கள் அமெச்சூர் போட்டி நடக்கிறது. 2023-இல் அதை ஜெயித்த ரோஸ் ஜாங் ஸ்டான்ஃபோர்டு மாணவி. 2024-இல் ஜெயித்த இங்கிலாந்தின் லாட்டி வோட், ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம். வோட் 2025 ஜூலையில் அமெச்சூராகவே ஐரிஷ் ஓப்பனை ஜெயித்து, அடுத்த வாரமே எவியான் என்ற மேஜரில் மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். நம் அதிதி அசோக் கல்லூரி வழியில் போகவில்லை, 2016-இலேயே தொழில்முறைக்கு வந்து அதே வருஷம் ரியோவில் ஆடினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாம் இடம் பெற்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அண்ணே, என் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயசு. குமரி மாவட்டத்தில் இருந்து இது நடக்குமா?

இதற்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் கேட்கிறவர் பிள்ளையின் பத்து வருஷத்தைக் கேட்கிறார்.

நம் மாவட்டத்தில் கோல்ஃப் மைதானம் கிடையாது. பக்கத்தில் திருவனந்தபுரம் கவடியாரில் ஒன்பது குழி மைதானம் ஒன்று இருக்கிறது. நாகர்கோவிலில் இருந்து ரயிலில் போய் வரும் தூரம். 18 குழிக்குக் கொடைக்கானல், ஊட்டி, கோயம்புத்தூர், சென்னை. ஆகவே தினமும் மைதானத்தில் பழகுவது இங்கே இருந்து நடக்காத காரியம். வாரம் ஒரு நாள் மைதானம், மற்ற நாளில் வீட்டு முற்றத்தில் சின்ன அடிகள் என்றுதான் தொடங்க முடியும். கோல்ஃபில் ஏறக்குறைய பாதி அடிகள் குழிக்குப் பக்கத்தில் அடிப்பவை. அதற்கு முற்றம் போதும். சிரட்டையைப் புதைத்துக் குழியாக்கி என் அக்கா பேரனுக்கு நான் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். பத்தடி தூரத்தில் இருந்து இருபது பந்து. பத்தொன்பது உள்ளே போய் ஒன்று ஓரத்தில் நின்றாலும் முதலில் இருந்து எண்ண வேண்டும். அழுவான். மறுநாள் அவனே வந்து மட்டையை எடுப்பான்.

அதற்கு மேல் போக வேண்டுமானால் இந்திய கோல்ஃப் யூனியன் நடத்தும் ஜூனியர், அமெச்சூர் போட்டிகளில் ஸ்கோர் காட்ட வேண்டும். அங்கே சேரும் புள்ளிகள் உலக அமெச்சூர் தரவரிசைக்குப் போகும். அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்ப்பது ஸ்கோர், தரவரிசை, பள்ளி மதிப்பெண். கல்வி உதவித்தொகை பல நேரம் முழுசாக வராது, பகுதியாகத்தான் வரும். மீதிக்கு வீட்டில் வழி இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். நிலத்தை விற்றுவிட்டு அனுப்ப வேண்டாம், இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஜீவ் மில்கா சிங் இந்தக் கல்லூரி வழியில் போனவர். 1993-இல் அமெரிக்கக் கல்லூரிகளின் இரண்டாம் பிரிவுத் தனிநபர் பட்டத்தை ஜெயித்தார். 2007-இல் மாஸ்டர்ஸில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். இடையில் போன வருஷங்களை எண்ணிப் பாருங்கள்.

நம் ஊரில் இருந்து எந்த நேரத்தில் பார்க்கலாம்? திரையில் அமெச்சூரை எப்படி அடையாளம் காண்பது?

ஸ்கோர் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் சின்னதாக 'ஏ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அவ்வளவுதான் அடையாளம்.

மாஸ்டர்ஸ் சமயத்தில் அகஸ்டாவை விட நாம் ஒன்பதரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 8 மணி என்றால் இங்கே மாலை 5.30. கடைசி நாள் முன்னணியில் இருப்பவர்கள் நம் நள்ளிரவில் தொடங்கி, திங்கட்கிழமை விடியற்காலை 4.30 வாக்கில் முடிப்பார்கள். அமெச்சூர்கள் அதற்கு வெகு முன்னதாகவே ஆடி முடித்துவிடுவது வழக்கம், அதனால் அவர்களைப் பார்க்க வேண்டுமானால் சாயங்காலத்திலேயே உட்காருங்கள். தி ஓப்பன் நமக்கு வசதி, நாலரை மணி நேரம்தான் வித்தியாசம், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே தொடங்கிவிடும். 2021-இல் மட்சுயாமா கோட்டுப் போட்டதைப் பார்த்துவிட்டு நான் வாசலுக்கு வந்தபோது பால்காரர் சைக்கிள் தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது. அவரை நிறுத்தி, ஜெயித்துவிட்டான் என்றேன். யார் மக்கா என்று கேட்டார். உட்கார வைத்து முதலில் இருந்து சொன்னேன்.